கிளாஸ் முடிந்ததும் பஸ் ஏறிவிடும் தம்பிக்கு

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 19 வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன ஆகஸ்டில் எஃப்-1 மாணவர் விசாவில் கலிஃபோர்னியா வந்து ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறேன். ஃப்ரீமாண்ட்டில் மாமா வீட்டில் இருக்கிறேன். இரண்டு வருடம் முடித்து யுசியின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லி வளாகத்துக்கோ டேவிஸுக்கோ டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்பது திட்டம். கிளாஸ் முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். போன செமஸ்டர் கால்குலஸில் ஏ வாங்கினேன். கிளாஸில் இரண்டு மூன்று பேர் கணக்குக் கேட்பார்கள், அவ்வளவுதான் பழக்கம். மாணவர் கிளப்புகள் மேசை போட்டு ஆள் சேர்க்கும் கிளப் டே அன்று எல்லா மேசையையும் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டேன், எதிலும் பெயர் கொடுக்கவில்லை. இங்கிலீஷ் பேசும்போது திக்குகிறது. மாமா, 'கிளப்புன்னு சுத்தாதே, ஜிபிஏவைப் பாரு' என்கிறார். கிளப், மாணவர் மன்றம் இதிலெல்லாம் சேர்ந்தால் உண்மையிலேயே பயன் உண்டா? எங்கே தொடங்குவது? காலேஜிலேயே வேலை பார்த்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்:

தம்பி, மாமா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி சரி. கால் ஸ்டேட் என்னும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுக்கும்போது பெரும்பாலும் ஜிபிஏவையும் (மதிப்பெண் சராசரி) முடித்த பாடங்களையும்தான் பார்க்கின்றன, எந்தக் கிளப்பில் இருந்தாய் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. யுசியிலும் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்று ஒரு உத்தரவாதம் தருகின்றன. அவர்கள் சொல்லும் பாடங்களை அவர்கள் சொல்லும் ஜிபிஏவோடு முடித்தால் இடம் உண்டு, அதற்கும் கிளப் தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரி கூட்டம் அலைமோதும் துறைகளுக்குச் சில வளாகங்கள் டேக் தருவதில்லை, உங்கள் வருடத்துக்கு டேவிஸ் என்ன சொல்கிறது என்பதைக் கல்லூரிக் கவுன்சிலரோடு உட்கார்ந்து பாருங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான், அதை விட்டுவிட்டு அக்டோபரில் வந்து என் மாதிரி ஆட்களிடம் கெஞ்சினால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒரு கிளப் விழாவுக்காக டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் சி கிரேடு வாங்கிவிட்டு வந்தால் நானும் மாமா பக்கம்தான்.

மீதிப் பாதியில்தான் மாமா தவறுகிறார். பெர்க்லியில் டேக் கிடையாது, யுசிஎல்ஏவிலும் சான் டியேகோவிலும் கிடையாது. அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு விண்ணப்பிப்பவர்களில் நல்ல ஜிபிஏ இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் ஜிபிஏவுக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். யுசி விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்ததை எழுத 20 இடங்கள் வரை இருக்கின்றன. அப்புறம் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில். எடுக்கப்போகும் துறைக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. மற்ற மூன்றை ஏழிலிருந்து நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். எங்கே பொறுப்பெடுத்து நடத்தினீர்கள், உங்கள் கல்லூரியையோ சுற்றியிருக்கும் மக்களின் வாழ்க்கையையோ மேம்படுத்த என்ன செய்தீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள் அதில் இருக்கும். நவம்பரில் என் அறைக்கு வரும் பிள்ளைகள் முழிப்பது இந்த இடத்தில்தான். ஜிபிஏ 3.9 இருக்கும், எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. ஊரில் பத்தாம் வகுப்பில் எஸ்பிஎல்லாக இருந்ததைப் போடலாமா என்று கேட்பார்கள், பாவமாக இருக்கும்.

இதில் ஒரு காலக்கணக்கு இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். இரண்டு வருடம் இருக்கிறதே, முதல் வருடம் செட்டில் ஆவோம், இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் யுசி விண்ணப்பத்தை அனுப்பும் காலம் இரண்டாம் வருட அக்டோபரில் தொடங்கி நவம்பர் கடைசி வாக்கில் முடிந்துவிடும். இது பிப்ரவரி. உங்கள் கையில் இருப்பது இந்த ஸ்ப்ரிங் செமஸ்டர், ஒரு கோடை விடுமுறை, ஆகஸ்டில் தொடங்கும் அடுத்த ஃபால் செமஸ்டரில் முக்கால்வாசி. அதற்கப்புறம் செய்வதும் உங்களுக்கு நல்லதுதான், ஆனால் விண்ணப்பத்தில் ஏறாது. அடுத்த வருடம் என்று தள்ளிப்போட உங்களுக்கு அடுத்த வருடமே இல்லை.

சரி, விண்ணப்பத்தை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஊரில் காலேஜ் என்றால் அறுபது பேர் ஒரே வகுப்பறையில் மூன்று வருடம், நான்கு வருடம் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் நண்பனாக யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை, காலேஜ் பஸ், கேன்டீன், ஹாஸ்டல், ஒரு ஸ்ட்ரைக், எல்லாம் தானாகவே நடக்கும். இங்கே காலை ஒன்பது மணி கால்குலஸில் இருக்கும் முகம் பதினொரு மணி பிசிக்ஸில் இருக்காது. செமஸ்டர் முடிந்தால் மொத்தமும் கலைந்துவிடும். கலிஃபோர்னியாவில் மொத்தம் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், ஹாஸ்டல் இருப்பவை கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கிளாஸ் முடிந்து காஸ்ட்கோவில் வேலைக்குப் போவார், இல்லையென்றால் குழந்தையை டேகேரிலிருந்து கூப்பிடப் போவார். நீங்கள் பஸ்ஸுக்கு ஓடும்போது அவர்கள் பார்க்கிங் லாட்டுக்கு ஓடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் உங்களை ஒதுக்கவில்லை, உங்கள் இங்கிலீஷும் அதற்குக் காரணமில்லை. இந்த மாதிரி இடத்தில் பழக்கம் தானாக வராது, வாரத்தில் ஒரே நாள் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களை மறுபடி மறுபடி பார்க்கிற மாதிரி நாமாக ஒன்றை ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு. கிளப்போ வேலையோ கமிட்டியோ, எல்லாம் அதற்கு ஒரு சாக்கு என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழக்கத்துக்குப் படிப்பிலும் மதிப்பு உண்டு, இதை மாமாவிடம் சொல்லலாம். எந்தப் பேராசிரியர் பிசிக்ஸை ஒழுங்காக நடத்துவார், எந்த வகுப்பு பதிவு திறந்த காலையிலேயே நிரம்பும், ஆள் குறைவு என்று எந்த செக்‌ஷனை ரத்து செய்துவிடுவார்கள், போன வருடம் பெர்க்லி போனவர் எந்தப் பாடத்தை எந்த வரிசையில் எடுத்தார் – இதெல்லாம் ஆட்கள் வழியாகத்தான் காதுக்கு வரும். உங்கள் பாடம் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் இணையதளம் சொல்லும், எந்த செமஸ்டரில் எதை எதோடு சேர்த்து எடுத்தால் தூக்கம் போகும் என்பதை சீனியர்தான் சொல்வார்.

இனி எங்கே தொடங்குவது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது கிளப் அல்ல. கிளாஸில் இரண்டு மூன்று பேர் கணக்குக் கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டு 'அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டீர்கள். உங்களுடைய தொடக்கம் அதுதான் தம்பி. எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் கணிதத்துக்கு ஒரு டியூட்டரிங் சென்டர் இருக்கும். அந்தப் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கி, பாடம் நடத்தியவர் ஒரு வார்த்தை சிபாரிசு செய்தால், சின்னப் பயிற்சி ஒன்று கொடுத்து டியூட்டராக எடுப்பார்கள், சம்பளம் உண்டு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை உங்களுடையது, இங்கே பலர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். திக்கும் இங்கிலீஷுக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது, ஏனென்றால் டியூட்டர் மேசையில் உங்கள் உச்சரிப்பை யாரும் கவனிப்பதில்லை, அவர்களுக்கு அந்த இன்டக்ரலை எப்படிப் போடுவது என்று தெரிந்தால் போதும். ஒரு செமஸ்டர் அப்படிப் பேசினால் வாய் தானாகத் திறந்துவிடும். போன செமஸ்டர் கால்குலஸ் எடுத்த பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) இந்த வாரமே போய்க் கேளுங்கள். அவர் பகுதி நேர ஆசிரியராக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்க வேண்டும். இங்கே நிறைய ஆசிரியர்கள் பகுதி நேரம்தான், இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடி ஓடிப் பாடம் எடுப்பவர்கள், அடுத்த செமஸ்டர் உங்கள் கல்லூரியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முழு நேரப் பேராசிரியர்களில் இரண்டு பேருக்காவது உங்கள் முகமும் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். யுசி சிபாரிசுக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை, தனியார் பல்கலைக்கழகங்களும் பல ஸ்காலர்ஷிப்களும் கேட்கும், அப்போது யாரிடம் போய் நிற்பீர்கள்?

விசா கேள்விக்கும் இங்கேயே பதில். எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை, விடுமுறையில் முழு நேரம்கூட. இதற்கு அரசிடம் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேலை கொடுப்பவரின் கடிதமும் அந்த ஆபீஸின் கடிதமும் இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கலாம். வளாகத்துக்கு வெளியே வேலை என்பது வேறு கதை. முதல் கல்வியாண்டு முடியும்வரை பொதுவாக அது கிடையாது, அதற்குப் பிறகும் படிப்போடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி என்ற அனுமதியைத் தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். மாமாவின் நண்பர் கடையில், தெரிந்தவர் ரெஸ்டாரன்ட்டில், 'சும்மா வந்து நில்லு தம்பி, கேஷா தர்றேன்' என்று கூப்பிடுவார்கள், நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அந்த இருநூறு டாலருக்காக விசா ஸ்டேட்டஸே போய்விடலாம், அப்புறம் ஜிபிஏவும் இல்லை கிளப்பும் இல்லை. சம்பளம் இல்லாமல் கிளப்பில் உழைப்பதற்கோ ஒரு தொண்டு நிறுவனத்தில் வாலன்டியர் செய்வதற்கோ தடை இல்லை. மாணவர் மன்றப் பதவிக்குச் சில கல்லூரிகள் ஸ்டைபென்ட் தருகின்றன, அது சம்பளமாக வருகிறதா ஸ்காலர்ஷிப்பாக வருகிறதா என்று மட்டும் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு செமஸ்டருக்கு 12 யூனிட் (பாடங்களின் எடைக் கணக்கு) கட்டாயம், அந்த 12க்குள் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். மற்ற மாணவர்கள் பாதிப் பாடத்தை வீட்டுச் சோபாவில் முடித்துவிடுகிறார்கள், உங்களால் முடியாது. இதை எரிச்சலாகப் பார்க்காதீர்கள், வளாகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதால் வெளிநாட்டு மாணவர்கள்தான் பல கல்லூரிகளில் கிளப்புகளையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கிளப். கல்லூரி இணையதளத்தில் நாற்பது ஐம்பது பெயர் போட்டிருக்கும், அதில் கணிசமானவை தூங்குகிற கிளப்புகள். காரணம் எளிது, இங்கே எல்லோரும் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் டிரான்ஸ்ஃபராகிப் போய்விட, ஆகஸ்டில் கிளப்பை எழுப்ப ஆள் இருக்காது. அதனால் ஏப்ரல் வந்துவிட்டால், கல்யாண வீட்டில் பந்தி நேரத்தில் பரிமாற ஆள் தேடுகிற மாதிரி, 'அடுத்த வருஷம் நீ எடுத்துக்கிறியா?' என்று இரண்டு மீட்டிங் வந்தவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெர்க்லி மாதிரிப் பெரிய பல்கலைக்கழகத்தில் சில கிளப்புகளில் சேரவே விண்ணப்பம், இன்டர்வியூ எல்லாம் உண்டு, முதல் வருடக்காரரை உள்ளேயே விடாத கிளப்புகள் இருக்கின்றன. இங்கே பத்து வாரம் ஒழுங்காக வந்து நாற்காலி எடுத்துப் போட்டவருக்குப் பொருளாளர் பதவி. கம்யூனிட்டி காலேஜின் பெரிய அனுகூலம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஃபீஸ் குறைவு என்பதை இரண்டாவதாகத்தான் சொல்வேன். (உங்களுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கான நான்-ரெசிடென்ட் கட்டணம் என்பதால் அதுவும் பெரிய குறைவாகத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான்.)

கிளப் டே போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். அன்று பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் முதல் மீட்டிங்குக்கே வர மாட்டார்கள். பட்டியலில் கம்ப்யூட்டர் சயன்ஸோடு தொடர்புள்ளது ஒன்று, துளிகூடத் தொடர்பில்லாதது ஒன்று என்று இரண்டை எடுங்கள். இரண்டுக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டுவிடுங்கள். ஐந்து கிளப்பில் உறுப்பினர் என்பதற்கு விண்ணப்பத்தில் மதிப்பில்லை, வாரம் எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை வாரம் என்று அங்கே கேட்டிருப்பார்கள். பல கல்லூரிகளில் 'காலேஜ் அவர்' என்று மதியம் வகுப்புகள் குறைவாக வைத்த ஒரு நேரம் உண்டு, கிளப் மீட்டிங்குகள் பெரும்பாலும் அதில்தான் நடக்கும், மாலை பஸ்ஸுக்கு ஒரு பாதிப்பும் வராது. மீட்டிங்கில் எழுந்து பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ரூம் புக்கிங் படிவம் நிரப்புவது, போஸ்டர் போடுவது, டிஸ்கார்ட் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, செலவுக் கணக்கு எழுதுவது, இதற்கெல்லாம் யார் கை தூக்குவார்கள் என்று தலைவர் பரிதாபமாகப் பார்க்கும்போது நீங்கள் கை தூக்கினால் போதும், அடுத்த வாரம் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பேச்சைப் பற்றி இன்னொன்று. யுசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொருந்தும் பொதுப்பாடத் திட்டமான கால்-கெட்சியில் வாய்வழித் தொடர்பு என்று ஒரு பகுதி இருக்கிறது, பப்ளிக் ஸ்பீக்கிங் மாதிரி ஒரு வகுப்பு எடுப்பீர்கள். அதைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைக்கிறவர்கள் எல்லாம் உங்களைப் போலக் கூச்சப்படுகிறவர்கள்தான். தள்ளாதீர்கள், கோடையிலோ ஃபாலிலோ, நேரில் நடக்கும் வகுப்பாகப் பார்த்து எடுங்கள். பதினைந்து இருபது பேர் நடுங்கிக்கொண்டே மாறி மாறிப் பேசுகிற வகுப்பில் நண்பர்கள் கிடைக்கும் வேகம் வேறு எங்கும் கிடையாது.

அடுத்து மாணவர் மன்றம். உங்கள் ஃபீஸ் ரசீதை எடுத்துப் பாருங்கள், ஸ்டூடன்ட் ரெப்ரசென்டேஷன் ஃபீ என்று 2 டாலர் இருக்க வாய்ப்பு அதிகம் (வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கட்ட வேண்டியதில்லை). அதில் 1 டாலர் மாநில அளவிலான மாணவர் அமைப்புக்குப் போகிறது, மீதி உங்கள் கல்லூரி மாணவர் மன்றம் உங்கள் சார்பில் பேசுவதற்கு. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இடம் அது. ஊரில் யூனியன் தேர்தல் என்றதும் நினைவுக்கு வரும் கொடி, சண்டை, போலீஸ் ஜீப் எதுவும் இங்கே இல்லை. பல வருடம் சில பதவிகளுக்குப் போட்டியே இருக்காது. மாநிலச் சட்டப்படி தேர்தலில் நிற்க குறைந்தது 5 யூனிட் படித்துக்கொண்டிருக்க வேண்டும், கல்லூரி சொல்லும் குறைந்தபட்ச மதிப்பெண் இருக்க வேண்டும், உங்களுக்கு இரண்டும் தாராளம். தேர்தல் பெரும்பாலும் ஸ்ப்ரிங்கில் வரும். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது தேர்தலைவிட எளிதான ஒரு வழி. 1988ல் வந்த ஏபி 1725 சட்டமும் அதையொட்டிய விதிகளும், மாணவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் மாணவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் பாடத்திட்டம், பட்ஜெட், டெக்னாலஜி என்று கல்லூரிக் கமிட்டிகளில் மாணவருக்கு ஒரு நாற்காலி இருக்கும், அதற்கு ஆளை அனுப்புவது மாணவர் மன்றம். நம்ப மாட்டீர்கள், அந்த நாற்காலிகளில் நிறைய வருடம் முழுக்கக் காலியாகவே இருக்கும். மாதம் ஒரு மீட்டிங், ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் கல்லூரியின் வைஸ் பிரசிடென்ட் உட்கார்ந்திருப்பார், வைஃபை ஏன் லைப்ரரி மூன்றாம் மாடியில் வருவதில்லை என்று நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். டெக்னாலஜி கமிட்டியில் மாணவர் இடம் காலியா என்று கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

போவதற்கு முன் வேடிக்கை பார்க்க வேண்டுமா, பார்க்கலாம். கம்யூனிட்டி காலேஜ் மாணவர் மன்றக் கூட்டங்களுக்கு கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் பொருந்தும், அதாவது அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசவும் நேரம் தர வேண்டும். ஒரு கூட்டம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பாதி நேரம் ஒரு பாப்கார்ன் மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று விவாதம் நடக்கும், சிரிப்பு வரும், இவர்கள் செய்வதை நாமும் செய்யலாம் என்று தைரியமும் வரும்.

சில கதவுகள் உங்களுக்குத் திறக்காது, அங்கே நேரத்தை விடாதீர்கள். மத்திய அரசு உதவியோடு தரும் ஃபெடரல் வொர்க்-ஸ்டடி வேலைகள், குறைந்த வருமான மாணவர்களுக்கான ஈஓபிஎஸ் திட்டம் எஃப்-1காரர்களுக்கு இல்லை. நாசா நடத்தும் கம்யூனிட்டி காலேஜ் திட்டம், லாரன்ஸ் பெர்க்லி, லிவர்மோர் மாதிரி தேசிய ஆய்வகங்களில் கோடைப் பயிற்சி தரும் எரிசக்தித் துறைத் திட்டம், இதற்கெல்லாம் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நிபந்தனை உண்டு. கிளாஸ்மேட் போகிறார் என்று பார்த்து வருத்தப்பட வேண்டாம். பதிலாக ஹேக்கத்தான்களுக்குப் போங்கள், ஒரு வார இறுதிக்குள் குழுவாகச் சேர்ந்து ஒரு ப்ரோகிராமை உருவாக்கும் போட்டிகள் அவை. பெர்க்லி மாணவர்கள் நடத்தும் கால் ஹேக்ஸ், ஸ்டான்ஃபோர்டில் நடக்கும் ட்ரீ ஹேக்ஸ் இரண்டுக்கும் வேறு கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், வேலை அனுமதி எதுவும் வேண்டாம், ஃப்ரீமாண்ட்டிலிருந்து இரண்டும் பக்கம்தான்.

ஃபை தீட்டா கப்பா என்ற பெயரில் ஒரு ஈமெயில் வந்திருக்கலாம், வராவிட்டால் சீக்கிரம் வரும், காசு கேட்பதால் ஸ்பேம் என்று அழித்துவிடுவீர்கள். ஸ்பேம் இல்லை. 1918ல் தொடங்கிய, இரண்டு வருடக் கல்லூரிகளில் நன்றாகப் படிப்பவர்களுக்கான ஹானர் சொசைட்டி அது, பொதுவாக 12 யூனிட் முடித்து 3.5 ஜிபிஏ இருந்தால் அழைப்பார்கள். அவர்களின் உறுப்பினர்களுக்கென்றே டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அந்தக் காரணத்துக்காகவே சேரலாம். காசைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் சான்றிதழ் மட்டும் மிஞ்சும், உங்கள் கல்லூரிக் கிளை உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாமே ஒரு தமிழ்க் கிளப் தொடங்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றுகிறது. தொடங்கலாம், ஒரு ஆசிரியர் அட்வைசராக வேண்டும், குறைந்தபட்ச உறுப்பினர்கள், ஒரு சட்டதிட்டம், அவ்வளவுதான். ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ் பேசும் ஆட்கள் உங்களுக்கு வீட்டிலும் வார இறுதியிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள், இல்லாதது மற்றவர்கள்தான். அடுத்த வருடம் தொடங்கினால் பொங்கலை நம்பாதீர்கள், ஜனவரி நடுவில் செமஸ்டர் கல்லூரிகளில் வளாகமே காலியாக இருக்கும். ஏப்ரலில் சித்திரை முதல் நாளை வைத்து விழா எடுங்கள், ஆள் வரும்.

கடைசியாக மாமா வீடு. அடுத்தவர் வீட்டில் தங்கியிருக்கும்போது எட்டு மணிக்கு வந்து நிற்பதும், அத்தை சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதும் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அதனால் 'கிளப்பில் சேரப்போகிறேன்' என்று பொதுவாக அறிவிக்காதீர்கள், அவர் மனதில் என்னென்னவோ ஓடும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில் திரும்புவேன் என்று சொல்லுங்கள். கூட்டிப்போக காரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், ஒரு தடவைகூட. 15 யூனிட் எடுத்திருந்தால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து வாரம் 45 மணி நேரம் போகும் என்பது பொதுக்கணக்கு. டியூட்டரிங்குக்கு ஐந்தாறு மணி, கிளப்புக்கோ கமிட்டிக்கோ இரண்டு மணி, இந்த செமஸ்டருக்கு இதற்கு மேல் வேண்டாம். மிட்டெர்மில் ஒரு பாடம் பிக்குக் கீழே போனால் எதை நிறுத்துவேன் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி இறங்கிவருவார். சொந்தக்காரர்கள் யாராவது 'கம்யூனிட்டி காலேஜா' என்று இழுத்தால், உங்கள் பக்கத்து ஊர் ஹேவர்டில் இருக்கும் ஷபோ காலேஜில் டாம் ஹாங்க்ஸ் படித்தார் என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் முதலாவது. இரண்டாவது, தேர்ந்தெடுத்த கிளப்புக்கு ஒரு ஈமெயில், நான்கு வரி போதும்: முதல் வருடம் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறேன், கிளப் டே அன்று உங்கள் மேசையைப் பார்த்தேன், அடுத்த மீட்டிங் எப்போது எங்கே, ஏதாவது வேலைக்கு ஆள் தேவையென்றால் நான் இருக்கிறேன். அந்த நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள், பதில் வருவதே அதற்காகத்தான். ஒரு வாரம் பார்த்தும் பதில் இல்லையென்றால் ஸ்டூடன்ட் லைஃப் ஆபீஸுக்கு நேரில் போய் இந்தக் கிளப் இந்த செமஸ்டர் நடக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் நடக்கிற கிளப்புகளின் பட்டியலை அவர்களே கையில் கொடுப்பார்கள்.